ஆகஸ்ட் 1-க்கு முன்: ஊர்ப் பள்ளியையும் அதன் ஆசிரியர்களையும் காப்பது எப்படி?

தமிழ்நாட்டில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் பூட்டு விழுமுன் நாலைந்து வருடம் சத்தமில்லாமல் கழியும். முதலில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை குறையும். ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியிடக் கணக்கு எடுக்கும்போது ஓர் ஆசிரியர் 'உபரி' ஆகி, பணிநிரவலில் (உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றுவது) வேறு பள்ளிக்குப் போவார். மிஞ்சியவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமாளிப்பதைப் பார்க்கும் பெற்றோர், அடுத்த ஜூனில் பிள்ளையை தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவார்கள். எண்ணிக்கை இன்னும் சரியும். கடைசியில் பேனர் கட்டி மறியல் செய்யும்போது அலுவலகம் காட்டுவது அந்த எண்ணிக்கையைத்தான். ஆகவே வேலையைத் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

சட்டம் சொல்லும் கணக்கு

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) அட்டவணையை பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 1 முதல் 5 வகுப்பு வரை: 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. எண்ணிக்கை 150-ஐத் தாண்டினால் இவர்கள் போக ஒரு தலைமையாசிரியர். 6 முதல் 8 வரை: 35 குழந்தைகளுக்கு ஒருவர், எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும் அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழி என்ற மூன்றுக்கும் தலா ஒருவராவது.

இதில் இரண்டு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. 18 பேர் படித்தாலும் 2 ஆசிரியர் என்பதுதான் அட்டவணை; ஓராசிரியர் பள்ளி விதிப்படி நடப்பதல்ல. இன்னொன்று, 58 பேர் இருக்கும் பள்ளிக்கு மூன்றே மூன்று குழந்தைகள் கூடினால் மூன்றாவது ஆசிரியரைக் கேட்கும் உரிமை வந்துவிடும். உங்கள் பள்ளி எந்தப் படிக்கட்டுக்கு அருகில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். எத்தனை வீடு ஏற வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வீடு வீடாக

பட்டியல் அங்கன்வாடியில் இருக்கிறது. ஐந்து வயது நிறையும் குழந்தைகளின் பெயர்களைப் பணியாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் 1-லேயே தொடங்கிவிடுகிறது. தனியார் பள்ளிக்கு முன்பணம் கட்டிய வீட்டில் மே மாதம் போய்ப் பேசிப் பயனில்லை.

இரண்டு பேராகப் போங்கள். அதில் ஒருவர் அந்தப் பள்ளியிலேயே பிள்ளை படிக்கும் தாயாக இருக்கட்டும். ஆசிரியரை மட்டும் அனுப்பினால் 'வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வந்திருக்கிறார்' என்ற பேச்சு எழும். தனியார் பள்ளியைக் குறை சொல்லித் தொடங்காதீர்கள். பணம் கட்டியவருக்கு அது தன்னைச் சொன்ன மாதிரி இருக்கும். என்ன குறை என்று கேளுங்கள், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கழிப்பறை, ஆங்கிலம், சாலையைக் கடப்பது, 'ஒரே டீச்சர்தானே' என்ற நான்குக்குள் அடங்கிவிடும். சாலைதான் பிரச்சினை என்றால் நாலு வீடு சேர்ந்து ஓர் ஆட்டோ பேசிக்கொள்வது, ஆயிரம் துண்டறிக்கை அடிப்பதைவிட அதிகப் பிள்ளைகளைக் கொண்டுவரும்.

சலுகைகளைச் சொல்லும்போது நிபந்தனையையும் சேர்த்துச் சொல்லுங்கள். காலை உணவு தொடக்க வகுப்புகளுக்கு. மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், கல்லூரியில் மாதம் ₹1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததைப் பார்க்கின்றன. ஐந்தாம் வகுப்போடு தனியாருக்கு மாற்றி, பத்தாம் வகுப்பில் திரும்பி வரலாம் என்று நினைக்கும் வீட்டுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எமிஸ் கணக்கில் வராத பிள்ளை

அதிகம் கோட்டைவிடும் இடம் இது. குழந்தை வகுப்பில் உட்கார்ந்திருக்கும். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பதிவோ பழைய பள்ளியிலேயே கிடக்கும். கட்டணப் பாக்கி என்று டி.சி.யை (மாற்றுச் சான்றிதழை) நிறுத்தி வைத்திருப்பார்கள். டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 5-ஆம் பிரிவும், வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவும் சொல்கின்றன. சேர்த்துக்கொண்டு, பதிவை மாற்றித் தரும்படி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அன்றே எழுதுங்கள். ஜூலை 20 வாக்கில் தலைமையாசிரியரோடு உட்கார்ந்து வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பெயர் பெயராக ஒப்பிடுங்கள். பத்து நாள் கையில் இருந்தால் திருத்திவிடலாம்.

வராத பிள்ளையின் பெயரை ஏற்றி எண்ணிக்கையைக் கூட்டும் ஆசை வரும். வேண்டாம். ஆய்வில் மாட்டுவது கையெழுத்துப் போட்ட ஆசிரியர். அதன்பின் உங்கள் உண்மைக் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

தீர்மானம் எழுதும் முறை

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். கூட்டம் நடக்கிறது, கையெழுத்தும் விழுகிறது, தீர்மானம்தான் தேறுவதில்லை. 'ஆசிரியர் பற்றாக்குறையைப் போக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்படி எழுதுங்கள்:

"எங்கள் பள்ளியில் 1 முதல் 5 வகுப்பு வரை 64 குழந்தைகள் படிக்கிறார்கள் (எமிஸ் பட்டியல் இணைப்பு). கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 3 ஆசிரியர்கள் தேவை, இருப்பவர் 2. ஜூன் 10 முதல் ஓர் இடைநிலை ஆசிரியர் பணியிடம் காலி. 30 நாளுக்குள் நிரப்பவும், அதுவரை மாற்றுப் பணியில் ஒருவரை அனுப்பவும் கோரி இக்குழு தீர்மானிக்கிறது."

எண், தேதி, விதி, கெடு என்ற நான்கும் இருக்கட்டும். ஒரு தீர்மானத்தில் ஒரு கோரிக்கை போதும். சுற்றுச்சுவரையும் ஆசிரியரையும் ஒரே தாளில் கேட்டால் தாள் பிரிவு பிரிவாக அலையும். வட்டாரக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

பதில் வராவிட்டால் அதே தீர்மானத்தைக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு. அடுத்து ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். கூடவே ₹10 கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்று. அதில் 'ஏன் நிரப்பவில்லை' என்று கேட்காதீர்கள், விளக்கம் தர வேண்டியதில்லை என்று முடித்துவிடுவார்கள். உங்கள் ஊராட்சி ஒன்றியத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, எந்தப் பள்ளியில் எந்தத் தேதியிலிருந்து காலி, மாற்றுப் பணியில் இருப்பவர்களுக்கான ஆணை நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பணம்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை ₹10,000, 100 வரை ₹25,000, 250 வரை ₹50,000. இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குச் செலவாக வேண்டும். 2024–25-இல் தேசியக் கல்விக் கொள்கைத் தகராறில் ஒன்றிய அரசு இத்திட்டத்துக்கான ₹2,152 கோடியை நிறுத்திவைத்தது. மேலே நடக்கும் சண்டையில் கீழே பினாயில் வாங்கத் தலைமையாசிரியர் தன் சட்டைப்பையைத் தடவ வேண்டியிருக்கும். உதவ நினைப்பவர்கள் ரொக்கமாக அவர் கையில் கொடுக்க வேண்டாம். நாளை அதுவே புகாராகும். பொருளாக வாங்கித் தந்து இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பெரிய தொகை என்றால் 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகக் கொடுங்கள்.

ஆசிரியருக்குத் தோள் கொடுப்பது

ஆசிரியர் தினத்தன்று சால்வை போர்த்துவது இந்தக் கணக்கில் சேராது. அவருடைய நேரத்தை மீட்டுத் தருவதுதான் உதவி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணியில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது 27-ஆம் பிரிவு. அவரே இதை எதிர்த்துப் பேசினால் சிக்கல் அவருக்கு. குழு எழுதினால் அது பெற்றோர் குரல். ஒரு மாதம் எந்தெந்த நாளில், எந்த வேலையால், எத்தனை பாடவேளை போயிற்று என்று குறித்து அனுப்புங்கள். குடிநீர்த் தொட்டி, முட்டை எண்ணிக்கை, வங்கிக்கு அலைவது போன்றவற்றை உறுப்பினர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பணியில் இருக்கும் ஆசிரியர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். இருபது வருடம் பாடம் நடத்தியவர் இரவில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கிறார் என்றால், 'இவருக்கே தகுதி இல்லையாம்' என்று டீக்கடையில் பேசுவதை ஊர் நிறுத்தலாம். செலவில்லாத உதவி அது.

குறை இருந்தால் வாட்ஸாப்பில் போடாமல் முதலில் தலைமையாசிரியரிடம், பிறகு குழுவில் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் இந்த வரிசையில் நிறுத்தாதீர்கள்: குழந்தையை அடித்தார், தவறாக நடந்தார் என்றால் அன்றே 1098 (குழந்தைகள் உதவி எண்) அல்லது 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்). பள்ளியின் பெயரைக் காப்பாற்ற இதை மூடி மறைத்த ஊரில் அடுத்த வருடம் சேர்க்கை இருக்காது.

காலியிடத்தைத் தன்னார்வலரைக் கொண்டு நிரப்பும் பழக்கத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஊரே சம்பளம் கொடுத்து ஓர் ஆளைப் போட்டால், 'பள்ளி நடந்துகொண்டுதானே இருக்கிறது' என்று கோப்பு கட்டிவைக்கப்படும். வேறு வழியில்லை என்றால், 'அரசு ஆசிரியர் வரும்வரை, அதிகபட்சம் டிசம்பர் 31 வரை' என்று முடிவுத் தேதியோடு தீர்மானம் எழுதி, அதன் நகலையும் வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கொடுத்துவிட்டு ஆளைப் போடுங்கள்.