இல்க்லி மூர் பாறைச் செதுக்கல்களில் கை வைக்காதீர்கள்

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் உள்ள இல்க்லி மூர், ஹெதர் புதர் மண்டிய திறந்த மேட்டுநிலம். அங்குள்ள சொரசொரப்பான மணற்கல் பாறைகளில் கிண்ணம் போன்ற குழிகளையும் அவற்றைச் சுற்றி வளையங்களையும் புதிய கற்கால, வெண்கலத் தொடக்கக் கால மக்கள் கல்லால் கொத்தி வைத்திருக்கிறார்கள். நாலாயிரம் ஆண்டு மழையில் தேய்ந்த இவை உச்சி வெயிலில் பல நேரம் கண்ணில் படாது. "தெரியலையே" என்று கை வைக்கும்போதுதான் சேதம் தொடங்குகிறது.

சாக்பீஸால் வரைந்து காட்டவே கூடாது. தூள் கல்லின் துளைகளில் அடைகிறது. அதைவிட மோசம், நீங்கள் ஊகித்த கோடுதான் படத்தில் பதிகிறது. கொத்தியவர் இட்ட கோடு அதனடியில் மறைந்துவிடுகிறது. கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். நம் சமையலறைக் கல்பாசியின் உறவுதான் பாறையில் படர்ந்திருப்பது. அதைச் சுரண்டினால் மணல்துகளும் சேர்ந்தே உதிரும்.

காலையிலோ மாலையிலோ, சூரியன் தாழ்ந்திருக்கும்போது போங்கள். பகலில் என்றால் பாறைமேல் ஒருவர் குடை பிடிக்க, இன்னொருவர் பக்கவாட்டில் டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போலச் சாய்த்து அடிக்கட்டும். ஒரு விளிம்பில் நிழல், எதிர் விளிம்பில் வெளிச்சம் என்று வளையம் ஒவ்வொன்றாக எழும்பி வரும். பல படங்களை இணைத்துக் கணினியில் முப்பரிமாண மாதிரி செய்கிறவர்களுக்கோ இதே சாய்வெயில் எதிரி. நிழல் நகர்ந்துகொண்டே இருப்பதால் படங்கள் பொருந்தாது. மேகமூட்டமான நாளில், அடுத்தடுத்த படங்கள் 70-80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி, 10 செ.மீ. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள்.

பாறையோரப் புல்தரையை உரித்துப் பார்க்காதீர்கள். அதுதான் பனியிலிருந்து செதுக்கலைக் காக்கும் போர்வை. திறந்துவிட்டால் கல்லுக்குள் புகுந்த நீர் உறைந்து மேற்பரப்பைப் பிளக்கும். பாதுகாக்கப்பட்ட பாறைகளைச் சேதப்படுத்துவது பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டப்படி குற்றமும்கூட.

குழியெல்லாம் செதுக்கல் அல்ல. மழை அரித்த குழி ஒழுங்கற்று, விளிம்பில் வடிகால் விட்டிருக்கும். வளையமில்லாத ஒற்றைக் குழியை "சந்தேகம்" என்றே குறியுங்கள்.

கடைசியாக, ஸ்வஸ்திகா போன்ற வடிவம் செதுக்கிய, இதே மூரிலுள்ள ஸ்வஸ்திகா கல். கம்பி வேலிக்குள் முன்னால் பளிச்சென்று தெரிவது பிற்காலத்தில் செதுக்கிய நகல். மூலம் அதற்குப் பின்னால், மங்கலாக இருக்கிறது. பெயரை வைத்து இந்தியத் தொடர்பு என்று எழுதிவிட வேண்டாம், அதற்குச் சான்றில்லை. வளைந்த கைகளும் நடுநடுவே குழிகளும் கொண்ட இந்த வடிவத்தை ஆய்வாளர்கள் ஒப்பிடுவது இத்தாலியின் வால் கமோனிகா பள்ளத்தாக்கிலுள்ள பாறைச் செதுக்கல்களோடு.