முதல் வீடியோவுக்கு முறுக்கு

வீடியோ எடுக்கப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணத்திலோ காதுகுத்திலோதான் தொடங்குகிறார்கள். அங்கே எல்லாம் ஒரே ஒருமுறை நடக்கும்; விட்டால் போச்சு. அதைவிட, வீட்டில் பாட்டி முறுக்கு சுடும் நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிழிவது, எண்ணெயில் போடுவது, திருப்புவது, எடுப்பது என்று ஒரே வேலை பத்து ஈடாவது திரும்ப நடக்கும். முதல் ஈட்டில் விட்டதை நாலாவது ஈட்டில் எடுத்துக்கொள்ளலாம்.

கையில் இருக்கும் போனே போதும். கேமரா செட்டிங்கில் படத்தின் தெளிவை 1080பி என்று வையுங்கள். ஐபோனில் நொடிக்கு 30 ஃபிரேமில் (படத்தில்) ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 எம்பி ஆகும். 4கே என்றால் 170 எம்பி. பழகும்போது 4கே வெறும் சுமை. வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எடிட்டிங்கில் நிறம் வெளிறி நிற்கும். ஏரோபிளேன் மோடும் போடுங்கள். படம் ஓடும்போது அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம்.

டியூப் லைட் அடியில் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகிறதா? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரம், அதாவது ஷட்டர், அதோடு ஒத்துப்போகாததால் வரும் கோளாறு இது. செட்டிங்கை நாமே மாற்றும் புரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியாக வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஐபோனில் கேமரா செட்டிங்கில் பால் (PAL) ஃபார்மட்டைக் காட்டச் சொன்னால் நொடிக்கு 25 ஃபிரேமும் கிடைக்கும். இவை எதுவும் இல்லாவிட்டால் டியூப் லைட்டை அணைத்து, பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். ஜன்னல் பாட்டிக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துப்போகும், பக்கவாட்டில் இருக்கட்டும். கறுத்த வாணலி படச் சட்டத்தை நிறைத்தால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். திரையில் பாட்டியின் முகம் தெரியும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு எடுங்கள்.

முதல் ஈட்டில் அடுப்பு, பாட்டி, மாவுப் பாத்திரம் எல்லாம் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து எடுங்கள். இரண்டாவதில் முறுக்கு பிழியும் உழக்கைச் சுற்றும் கைகள் மட்டும். மூன்றாவதில் எண்ணெய்க்குள் முறுக்கு. அடுப்பின்மேல் குனிய வேண்டாம். தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் தனி டெலி லென்ஸ் போனில் இருந்தால் தள்ளி நின்று அதில் எடுங்கள். எண்ணெய் ஆவி லென்ஸில் மெல்லிய படலமாக ஒட்டி, விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் போட வைக்கும். ஒவ்வொரு ஈடு முடிந்ததும் மெல்லிய துணியால் துடையுங்கள்.

ஒவ்வொரு ஷாட்டும் பத்து நொடி அசையாமல் இருக்கட்டும். பதிவுப் பொத்தானை அழுத்தியதும் மனதுக்குள் மூன்று எண்ணி, அப்புறம் பாட்டியைப் பிழியச் சொல்லுங்கள். பொத்தானைத் தொட்ட நடுக்கம் அந்த மூன்று நொடியோடு போய்விடும். முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டால் பாதி ஆட்டம் அடங்கும். அடுப்பின் ஒரே பக்கத்திலேயே நில்லுங்கள். எதிர்ப்பக்கம் போனால், இடமிருந்து வலமாகப் போன கை அடுத்த ஷாட்டில் வலமிருந்து இடமாக வந்து பார்ப்பவரைக் குழப்பும்.

படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்காவிட்டால் பார்க்க மாட்டார்கள். எக்ஸாஸ்ட் ஃபேனையும் டிவியையும் நிறுத்துங்கள். இன்னொரு போனில் குரல் பதிவைத் தொடங்கி, பாட்டியிடமிருந்து இரண்டடி தள்ளி அலமாரியில் வையுங்கள். இரண்டும் ஓடும்போது ஒருமுறை கை தட்டுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்துத்தான் படத்தையும் ஒலியையும் சேர்க்கப்போகிறீர்கள். "முறுக்கு நல்லா வருதா பாட்டி?" என்று கேட்டால் "வருது" என்பதோடு முடிந்துவிடும். "எண்ணெய் காஞ்சிருச்சுன்னு எதை வச்சு பாட்டி சொல்றீங்க?" என்று கேளுங்கள். அவர் பேசி முடித்தபின் இரண்டு நொடி வாய் திறக்காதீர்கள். நடுவில் "ம்ம், ம்ம்" வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது.

முறுக்கு போட்டதும் பொங்கும் சலசலப்பு, வேக வேக அடங்கும். அந்த ஒலியை ஆரம்பம் முதல் அடங்கும்வரை யாரும் பேசாமல் ஒரு ஈடு முழுக்கப் பதிவு செய்யுங்கள். எந்தப் பின்னணி இசையையும்விட இது நன்றாக இருக்கும்.

எடுத்ததை கேபிள் போட்டு கணினிக்கு மாற்றி, பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். வழக்கம்போல வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிக்கொண்டால் தரம் போய்விடும். போனிலேயே வெட்ட விஎன் என்ற செயலி போதும். கணினியில் ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ரிசால்வ் திணறும். ரிசால்வில் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை) முதலிலேயே அமையுங்கள், கிளிப்புகளை அடுக்கும் டைம்லைனில் கிளிப் ஏறியபின் மாற்ற விடாது. போன் வீடியோவில் ஃபிரேம் ரேட் சீராக இருக்காது. தனியாகப் பதிந்த குரல் போகப்போக உதட்டோடு ஒட்டாமல் விலகினால் காரணம் இதுதான். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு மறுபடி சேருங்கள்.

முதலில் பாட்டியின் பேச்சை மட்டும் வரிசையாக அடுக்குங்கள். படம் அதன்மேல் பிறகு. தூர ஷாட்டில் கை எண்ணெயை நோக்கிப் பாதி தூரம் போனதும் வெட்டி, முறுக்கு உள்ளே விழும் நெருக்க ஷாட்டை ஒட்டுங்கள். முதல் ஈட்டுக் கையும் மூன்றாம் ஈட்டு முறுக்கும் சேர்ந்தது யாருக்கும் தெரியாது. காட்டிக்கொடுப்பது தட்டுதான்: சுட்டு அடுக்கிய முறுக்கு ஒரு ஷாட்டில் குவியலாகவும் அடுத்ததில் நாலுமாக இருக்கும். இடையில் பேரப்பிள்ளைகள் கை வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். எடுக்கும்போதே தட்டைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுங்கள். ஷாட் மாறும்போது பக்கம் புரளுவது, சுழலுவது மாதிரி டிரான்சிஷன்களைத் தொடவே வேண்டாம்.

எடிட்டிங்கின் ஒலி மீட்டரில் பாட்டியின் குரல் உச்சம் -6 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதன் கீழே எண்ணெய்ச் சத்தத்தை -25 அளவில் ஓடவிட்டு, அவர் நிறுத்தும் இடத்தில் ஏற்றுங்கள். ஒலியை வெட்டிய இடத்தில் 'டக்' என்று கேட்டால் இரண்டு மூன்று ஃபிரேம் ஃபேடு (ஒலி மெல்ல ஏறி இறங்குவது) கொடுங்கள். சினிமாப் பாட்டு சேர்த்து யூடியூபில் ஏற்றினால் காப்புரிமைக் கோரல் வரும்; யூடியூபின் இலவச ஒலி நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

முடித்த படத்தை ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யும்போது எம்பி4 வடிவம், எச்.264 சுருக்கமுறை, 1080பி, நொடிக்கு 10 மெகாபிட். மூன்று நிமிடம் சுமார் 225 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் குறையாமல் போய்ச் சேரும். அனுப்பும் முன் இயர்போனைக் கழற்றிவிட்டு, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பாட்டி சொல்வது எண்ணெய்ச் சத்தத்தில் அமுங்கினால், எண்ணெயை இன்னும் ஐந்து டெசிபல் இறக்கிவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.