இரேசரைக் கீழே வைத்துவிட்டு மாஸ்க்கை எடுங்கள்

முன்பு நான் ரப்பர் கட்சி, அதாவது எதையும் இரேசரால் அழிக்கிற ஆள். ஃபோட்டோஷாப்பில் ஒரு நாடகப் போஸ்டருக்குத் தலைப்பைப் பெரிதாக அடித்தேன். பழைய சுவரில் எழுதியது போல அங்கங்கே தேய்ந்து தெரிய வேண்டும் என்று இரேசரைக் கையில் எடுத்தேன். ஃபோட்டோஷாப்பில் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த தாள்கள் போன்ற லேயர்களில் இருக்கும்; எழுத்து லேயரில் இரேசர் நேரடியாக வேலை செய்யாது. ராஸ்டரைஸ் செய்யட்டுமா என்று ஃபோட்டோஷாப் கேட்டது, சரி என்றேன். மூன்று மணி நேரம் சுரண்டினேன். அச்சுக்குப் போகும் முன் ஒருவர் பார்த்துவிட்டு, "என்னங்க, 'சிரகுகள்'னு இருக்கே?" என்றார். ராஸ்டரைஸ் ஆன எழுத்து வெறும் படம்தான், தட்டச்சு செய்து திருத்த முடியாது. ஒரு ற-வுக்காக மொத்த வேலையையும் திரும்பச் செய்தேன். அன்றைக்கே மாஸ்க் கட்சிக்கு மாறிவிட்டேன்.

மாஸ்க் என்பது லேயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை உள்ள இடத்தில் லேயர் தெரியும், கறுப்பில் மறையும், சாம்பலில் அரைகுறையாகத் தெரியும். 8 பிட் கோப்பில் கறுப்பு 0 முதல் வெள்ளை 255 வரை 256 படிகள். எழுத்து எழுத்தாகவே கீழே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் பிழை திருத்தலாம்.

தேய்ந்த எழுத்தை இப்போது இப்படித்தான் செய்கிறேன். எழுத்து லேயரில் நின்றுகொண்டு, லேயர் பேனலின் அடியில் உள்ள மாஸ்க் பொத்தானை அழுத்துகிறேன். சொரசொரப்பான சுவர் அல்லது துருப்பிடித்த தகட்டின் போட்டோ ஒன்றைத் திறந்து, கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் சி. திரும்பி வந்து ஆல்ட்டை அழுத்தியபடி மாஸ்க்கின் சின்னப் படத்தைக் கிளிக் செய்தால் திரை முழுக்க வெள்ளையாகிவிடும். பயப்பட வேண்டாம், மாஸ்க்குக்குள்ளே வந்திருக்கிறோம். அங்கே கண்ட்ரோல் வி, அப்புறம் தேர்வை நீக்க கண்ட்ரோல் டி. சுவர் சாம்பல் நிறத்தில் வந்து உட்காரும். அப்படியே விட்டால் எழுத்து தேய்ந்தது போல இருக்காது, சாயம் போனது போலத்தான் இருக்கும். அதனால் கண்ட்ரோல் எல் அழுத்தி கறுப்பு வெள்ளை அளவுகளை மாற்றும் லெவல்ஸைத் திறந்து, இரண்டு ஓரத்து முக்கோணங்களையும் நடுவை நோக்கி இழுங்கள். சுவர்ப்பரப்பு வெளுத்து, விரிசல் மட்டும் கறுப்பாக நிற்கும்வரை இழுக்கலாம். எல்லாம் தலைகீழாக வந்தால் கண்ட்ரோல் ஐ. மறுபடி ஆல்ட் கிளிக் செய்தால் வெளியே வந்துவிடலாம்.

தமிழ் எழுத்தில் ஒரு சங்கடம் உண்டு. புள்ளி தேய்ந்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடும், ஒரு சுழி போனால் ண-வும் ன-வும் ஒன்றுபோலத் தெரியும். அந்த இடங்களில் மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் மாஸ்க்கில் தடவி மீட்டுவிடுங்கள். எக்ஸ் விசையைத் தட்டினால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும்.

எழுத்துக்குள் படம் தெரிய வேண்டுமானால் இவ்வளவு பாடு இல்லை. எழுத்து கீழே, போட்டோ மேலே. போட்டோ லேயரில் நின்று கண்ட்ரோல் ஆல்ட் ஜி, முடிந்தது. தடித்த எழுத்துருவாகப் பாருங்கள். மெல்லிய எழுத்துக்குள் எந்தப் படமும் அடையாளம் தெரியாது. ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்பவர்கள் எழுத்து லேயரில் 'ஆல்ஃபா டு செலெக்‌ஷன்' கொடுத்து, போட்டோ லேயருக்கு 'செலெக்‌ஷன்' வகை மாஸ்க் போடலாம். ஆனால் எழுத்தை மாற்றினால் மாஸ்க்கையும் புதிதாகப் போட வேண்டும்.

எல்லோரும் கேட்பது, தலைப்பு ஆளுக்குப் பின்னால் போவது. எழுத்து லேயரை அணைத்துவிட்டு, போட்டோ லேயரில் ஆளைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தைத் திரும்பக் காட்டி, அந்த லேயரில் நின்று, ஆல்ட்டோடு மாஸ்க் பொத்தானை அழுத்தினால் தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் மறையும். உடனே லேயருக்கும் மாஸ்க்குக்கும் நடுவே இருக்கும் சங்கிலிக் குறியைக் கிளிக் செய்து கழற்றிவிடுங்கள். அதை மறந்து எழுத்தை நகர்த்தினால், ஆளின் வடிவத்தில் வெட்டிய ஓட்டையும் கூடவே நகரும். தோள் விளிம்பு கத்தரியால் வெட்டியது போலிருந்தால் ப்ராப்பர்ட்டீஸ் பேனலில், விளிம்பை மென்மையாக்கும் ஃபெதரை ஒரு பிக்சல் அளவுக்கு ஏற்றினால் போதும்.

எழுத்துக்கு ஸ்ட்ரோக், அதாவது சுற்றிலும் ஒரு கோடு, கொடுத்திருந்தால், அது ஆளின் தலையைச் சுற்றியும் கோடு போட்டுவிடும். நான் ஒரு சாயங்காலம் முழுக்க அந்தக் கோட்டை எப்படி அழிப்பது என்று தேடியிருக்கிறேன். லேயரை இரட்டைக் கிளிக் செய்து, பிளெண்டிங் ஆப்ஷன்ஸில் 'லேயர் மாஸ்க் ஹைட்ஸ் எஃபெக்ட்ஸ்' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் கோடு போய்விடும்.