ஷெட் போடும் முன் காற்று வேகத்தைக் கேளுங்கள்

இரும்பு ஷெட்டுக்குக் கொட்டேஷன் வாங்கும்போது, சதுர அடி விலைக்கு முன்னால், எந்தக் காற்று வேகத்துக்கு டிசைன் செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875. காற்றைப் பற்றிய அதன் மூன்றாம் பகுதியின்படி கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. 11தானே கூடுதல் என்று விட்டுவிட முடியாது. காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். கணக்குப் போட்டால் சென்னையில் சுமை 1.6 மடங்குக்கு மேல். கோவை டிராயிங்கை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்து சல்லிசாக முடித்துத் தருகிறேன் என்பவர்களிடம் உஷார்!

அப்புறம், புயலில் கூரைத் தகடு பெரும்பாலும் மேல்நோக்கித்தான் பிய்த்துக்கொண்டு போகும். ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு அதிகம். அங்கே ஸ்க்ரூ நெருக்கமாக இருக்கிறதா, ரப்பர் வாஷர் பிதுங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று கிட்டத்தில் போட்டோ எடுத்துத் தரச் சொல்லிப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.