ஸ்மார்ட்கார்டு லாகினும் திறக்காத கீரிங்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் ஸ்மார்ட்கார்டு வைத்து லாகின் ஆன அடுத்த நொடியே "கீரிங்கைத் திறக்க பாஸ்வேர்ட் கொடு" என்று க்னோம் டெஸ்க்டாப் கேட்கும். கீரிங் என்பது சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பெட்டி. இந்தக் கேள்வியை எப்படியாவது ஒழித்துக்கட்ட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் செய்வதைப் பார்த்தால், பழைய என்னையே பார்ப்பது போலிருக்கிறது. கார்டு ரீடர் வேலை செய்யவில்லை என்பது மாதிரி சங்கதிகளை விட்டுவிடுகிறேன்.

வேறு கோப்பைத் திருத்துவது

க்னோமின் லாகின் திரையான ஜிடிஎம்மில் பாஸ்வேர்டுக்கு ஒரு பாம் (லாகினைச் சரிபார்க்கும் அமைப்பு) கோப்பு, ஸ்மார்ட்கார்டுக்கு வேறொன்று. முதலாவதில் எத்தனை வரி சேர்த்தாலும் கார்டு லாகினுக்குத் தெரியாது.

பின் நம்பரையே கீரிங் பாஸ்வேர்டாக வைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான்.

சாதாரண லாகினில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டை பாம் வாங்கி, கீரிங் மாட்யூலுக்குக் கொடுக்கிறது, பூட்டு திறக்கிறது. கார்டு லாகினில் அடிப்பது ஆறு இலக்கப் பின் நம்பர் மட்டுமே. கார்டோடு பேசும் பிகேசிஎஸ்-11 பாம் மாட்யூல் அதை அடுத்த மாட்யூலுக்குக் கைமாற்றிவிடும். அப்படியானால் கீரிங் பாஸ்வேர்டையும் அந்த ஆறு இலக்கமாக மாற்றினால் தீர்ந்ததே? நானும் அப்படித்தான் மாற்றினேன். பிரமாதமாகத் திறந்தது. ஒரு வருடம் பெருமையோடு நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

ஆறு இலக்கம் கார்டில் போதும். ஏனென்றால் மூன்று தடவை தப்பாக அடித்தாலே பெரும்பாலான கார்டுகள் பூட்டிக்கொள்ளும். கீரிங் வட்டில் கிடக்கும் வெறும் கோப்பு. அதற்குத் தடவைக் கணக்கு கிடையாது. நகலெடுத்துக்கொண்டு போனவர் மொத்தம் 10 லட்சம் எண்களை முயன்றால் போதும். கணினிக்கு அது பெரிய வேலையே இல்லை.

அதோடு முடிந்ததா? நான் சொல்லிக்கொடுத்த ஒருவர் கார்டின் பின் நம்பரை மாற்றினார். கீரிங் பழைய எண்ணிலேயே நின்றது. மறுபடி பாஸ்வேர்ட் கேட்டதும், ஏதோ கெட்டுவிட்டது என்று கோப்பையே அழித்துவிட்டார். வைஃபை முதல் மெயில் வரை, சேமித்த அத்தனை பாஸ்வேர்டும் போயின.

முறையான வழி: கீரிங்குக்கு நீளமான, தாறுமாறான பாஸ்வேர்ட் வையுங்கள். அதைக் கார்டின் பொதுச் சாவியால் (பூட்ட மட்டுமே உதவும் சாவி) மறையாக்கி வட்டில் வைத்து, லாகின் ஆனதும் கார்டையே அவிழ்க்க வைத்து கீரிங்குக்குக் கொடுங்கள். பிஐவி (அமெரிக்க அரசின் அடையாள அட்டைத் தரம்) கார்டென்றால் 9டி என்ற சாவி இடத்திலுள்ள ஆர்எஸ்ஏ சாவி. அது இதற்கென்றே உள்ளது. 9சி கையெழுத்துக்கானது, ஒவ்வொரு தடவையும் பின் நம்பர் கேட்டு உயிரை வாங்கும். கார்டு தொலைந்தால் அந்தப் பாஸ்வேர்டும் தொலையும் என்பதால் காகிதத்தில் ஒரு பிரதி எழுதி வையுங்கள்.

எக்கோவில் வரிமுடிவு

அவிழ்த்த பாஸ்வேர்டை எக்கோ கட்டளை வழியாக கீரிங் டீமனுக்கு (பின்னணியில் ஓடும் கீரிங் நிரல்) அனுப்பினால், கடைசியில் ஒட்டிக்கொள்ளும் வரிமுடிவும் பாஸ்வேர்டில் சேர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு எழுத்தோடு ஒரு முழு இரவு மல்லுக்கட்டினேன். எக்கோவுக்குப் பதில் பிரிண்ட்எஃப் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

வெற்றுப் பாஸ்வேர்ட்

வேண்டாம். மறையாக்கமே இல்லாமல் எல்லாம் அப்படியே வட்டில் கிடக்கும்.