பழைய செய்தித்தாளும் வெந்தயமும்: காகிதக் கூழ் கூடையும் வாசல் தோரணமும்

புது முறம் வாங்கினால் அதை மெழுகித்தான் பயன்படுத்துவார்கள். காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, மூங்கில் இடுக்குகள் மூடும்படி இரண்டு பக்கமும் பூசி வெயிலில் காயவைத்துவிட்டால் ரவைகூடக் கீழே சிந்தாது. அதே கூழை ஒரு சட்டியின் மேல் அப்பிக் காயவைத்துக் கழற்றினால், கூடை. பல வீடுகளில் பாட்டிமார் செய்துவந்த வேலை இது. காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவில் கொலு பொம்மைகள் செய்கிறவர்களும் களிமண்ணோடு காகிதக் கூழையும் பயன்படுத்துகிறார்கள். காகிதக் கூழ் பொம்மை எடை குறைவு, கீழே விழுந்தாலும் களிமண் பொம்மை மாதிரிச் சட்டென்று உடையாது.

நேரமே கிடைக்காத வீடுகளுக்கு நான் முதலில் சொல்லும் கைவேலை இதுதான். சமையல், அலுவலகம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்று ஓடும் வீட்டில் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருவது நடக்காது. இந்த வேலையில் ஊறுவதும் காய்வதும் தானாக நடக்கும். நம் கை தேவைப்படும் இடங்கள் அரை மணி, முக்கால் மணி நேரத் துண்டுகளாகத்தான் வரும். நடுவில் இரண்டு நாள் மறந்துபோனாலும் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுவிடாது. செலவு என்று பார்த்தால் வெந்தயமும் கொஞ்சம் வண்ணமும்தான்.

என்ன வேண்டும்?

நடுத்தர அளவுக் கூடை ஒன்றுக்கு, செய்தித்தாள் சுமார் 250 கிராம். விரித்தால் இரண்டு பக்கம் வரும் பெரிய தாளாக எண்ணினால் ஏறக்குறைய 15 தாள். வெந்தயம் 50 கிராம். மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி. அச்சுக்கு வாய் அகன்று அடி குறுகிய பாத்திரம். ஒரு பழைய பருத்தித் துணி. அப்புறம், சமையலுக்கு இனி எடுக்கப் போவதில்லை என்று ஒதுக்கிய பழைய மிக்ஸி ஜார்.

தாளைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். சாதாரணச் செய்தித்தாள், பிள்ளைகள் எழுதி முடித்த நோட்டு, முட்டை அட்டை எல்லாம் நன்றாக ஊறும். வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாளும் துணிக்கடை விளம்பரத் தாளும் வேண்டாம். அவற்றின் மேல் ஒரு பூச்சு இருக்கும், எவ்வளவு ஊறினாலும் கூழாகாமல் துணுக்குத் துணுக்காகவே நிற்கும்.

வெந்தயத்தை விட்டுவிட்டு, பதிலாகக் கடைப் பசை சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். விடக்கூடாது. வெந்தயத்தில் இருக்கும் கோந்துப் பொருள் தண்ணீரை இழுத்து வழவழப்பாகும், காயும்போது காகித நாரோடு சேர்ந்து இறுகும். கடைப் பசையை ஊற்றினால் கூழ் கையில் ஒட்டிக்கொண்டு அச்சில் அப்புவதற்கே விடாது. வெந்தயம் போட்ட கூழ் கைக்கு அடங்கி வரும். அந்தக் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்றும் சொல்வார்கள்.

ஊறவைத்தல்

வெள்ளிக்கிழமை இரவு தொடங்குங்கள். தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் இரண்டு விரல் அகலத் துண்டுகளாகக் கிழியுங்கள். கிழித்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்கும், தண்ணீர் அங்கேதான் சீக்கிரம் இறங்கும். இதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். தாளைக் கிழிக்கச் சொல்லி யாராவது கேட்டால் அவர்களுக்குக் கொண்டாட்டம்தானே. ஒரு வாளியில் போட்டு, மூழ்கும்வரை சூடான தண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள். சூடான தண்ணீரைப் பெரியவர்கள்தான் ஊற்ற வேண்டும்.

சனிக்கிழமை காலையில் அந்தத் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் வாடை வரும், வெயில் காலத்தில் நிச்சயம் வரும். அன்று இரவு வெந்தயத்தைத் தனியாக ஊறவையுங்கள். இரண்டு நாளிலும் சேர்த்து வேலை இவ்வளவுதான்.

அரைத்தல்

ஞாயிறு காலை முதலில் வெந்தயம். ஊறிய தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரைத்தால் பொங்கி வரும். விழுது வெண்ணெய்ப் பதத்துக்கு நைசாக இருக்க வேண்டும். முழு வெந்தயம் தட்டுப்பட்டால் இன்னும் ஒரு சுற்று.

காகிதத்தை ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடிதான் போட வேண்டும். ஜாரில் முக்கால் பங்கு தண்ணீர் இருக்கட்டும். விட்டுவிட்டு ஓடவிடுங்கள். தண்ணீர் குறைந்தால் நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும், மோட்டார் சூடாகும். நான்கு தடவைக்கு ஒருமுறை மிக்ஸிக்கு ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். எழுத்தே தெரியாத சாம்பல் நிறக் கூழாக வந்தால் போதும். ஒதுக்கிய ஜார் இல்லாதவர்கள் தாளை இன்னும் ஒரு நாள் கூடுதலாக ஊறவிட்டு உரலில் இடிக்கலாம். கூடை கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், உறுதியில் குறை இருக்காது.

கூழைப் பருத்தித் துணியில் கொட்டிப் பிழியுங்கள். வடிகிற தண்ணீரைத் துணி வழியாகத்தான் வெளியே விட வேண்டும். கூழ் கலந்த தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், பிறகு அதற்கு ஆள் கூப்பிடும் செலவு தனி.

எவ்வளவு பிழிவது என்பதில்தான் கூடையின் உறுதியே இருக்கிறது. ஒரு பிடி கூழை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகினால் இன்னும் பிழிய வேண்டும். உதிர்ந்து விழுந்தால் அதிகம் பிழிந்துவிட்டீர்கள், தண்ணீர் தெளியுங்கள். சரியான பதத்தில் கை ரேகை கூழின் மேல் பதியும், தண்ணீர் சொட்டாது. இப்போது வெந்தய விழுதையும் மஞ்சள்தூளையும் போட்டு, கொழுக்கட்டை மாவு பிசைகிற மாதிரி பத்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள். வெந்தயம் எல்லா இடத்திலும் கலக்காவிட்டால் காய்ந்தபின் ஒரு பக்கம் இறுகியும் ஒரு பக்கம் பொடிந்தும் இருக்கும்.

அச்சில் அப்புதல்

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து, நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை அதன்மேல் போர்த்துங்கள். இந்தத் துணி கட்டாயம். கூழ் காயக் காயச் சுருங்கும். வெறும் பாத்திரத்தின் மேல் அப்பினால் சுருங்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் வெடிக்கும். கழுத்துக் குறுகிய குடம், சொம்பு இதற்கு ஆகாது. அகன்ற சட்டி, பிளாஸ்டிக் கிண்ணம், பூந்தொட்டி எல்லாம் சரிவரும்.

எலுமிச்சை அளவு உருண்டைகளாக எடுத்து, அடிப்பகுதியிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கி இறங்குங்கள். ஒவ்வொரு உருண்டையையும் தட்டையாக்கி, பக்கத்தில் இருப்பதன் மேல் கொஞ்சம் ஏறும்படி வைத்து, ஈரக் கையால் இணைப்பைத் தேய்த்து மறையுங்கள். அரை விரல் தடிமன் போதும். அடியும் வாய் ஓரமும் சற்றுக் கனமாக இருக்கட்டும், கை படும் இடங்கள் அவைதான். அப்பி முடித்ததும் ஒரு காய்ந்த துணியை மேலே வைத்து இரண்டு உள்ளங்கையாலும் சுற்றிலும் அழுத்துங்கள். மிச்ச ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும், கூழும் நெருங்கி உட்காரும்.

மிஞ்சிய கூழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுண்டைக்காய் அளவுக்குச் சற்றுப் பெரிதாக, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலத்தில் 14 உருண்டைகள் உருட்டி, ஒவ்வொன்றிலும் ஈர்க்குச்சியால் துளை போட்டுக் குச்சியோடு காயவிடுங்கள். தோரணத்துக்கு அவை வேண்டும்.

காயவைத்தல்

முதல் அரை நாள் நிழலில். ஈரக் கூழை நேராக உச்சி வெயிலில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து வெடிப்பு விடும். அதன்பின் வெயிலுக்கு மாற்றுங்கள். மாடி இல்லாத அடுக்ககத்தில் பால்கனியும், இரவில் மின்விசிறிக் காற்றும் போதும். ஒன்றிரண்டு நாள் அதிகம் ஆகும், அவ்வளவுதான்.

வெளிப்பக்கம் இறுகி, உள்பக்கம் இன்னும் ஈரமாக இருக்கும் நிலை ஒன்று வரும். நல்ல வெயிலில் மறுநாளே வந்துவிடும். அப்போதுதான் கழற்ற வேண்டும். பாத்திரத்தோடு நிமிர்த்தி, துணியின் நான்கு முனையையும் பிடித்து மெல்ல அசைத்தால் பாத்திரம் தனியாக வந்துவிடும். துணியை உரித்தெடுத்து, பிசிறாக நிற்கும் வாய் ஓரத்தைக் கத்தரிக்கோலால் சமமாக வெட்டுங்கள். முழுதும் காய்ந்தபின் வெட்டுவது கடினம். இனி உள்பக்கம் மேலே தெரியும்படி இரண்டு மூன்று நாள் வெயில்.

காய்ந்துவிட்டதா என்று தெரிய, கூடையின் அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. சுண்டினால் டக்கென்று சத்தம் வர வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைத் தொடங்க வேண்டாம். இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். தை முதல் ஆடி வரை வசதியான காலம். ஆடியில் செய்துவைத்தால் நவராத்திரிக்குச் சுண்டல் பொட்டலம், வெற்றிலை பாக்கு அடுக்கிவைக்கத் தோதாக இருக்கும்.

வண்ணம்

உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் கொஞ்சம் கூழை வெந்தய விழுதில் குழைத்து அடைத்துக் காயவிடலாம். சுவரொட்டிப் பசையில் போடுகிற மயில்துத்தத்தைப் பூச்சிக்காகச் சேர்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அது நஞ்சு. குழந்தைகள் கை வைக்கும் பொருளில் வேண்டவே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது காவி நிறம். கோலத்துக்குப் பட்டை போட விற்கும் காவிப் பொடி இரண்டு மேசைக்கரண்டி, ஃபெவிகால் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் கொஞ்சம். இரண்டு முறை பூசினால் செம்மண் தரையின் நிறம் வந்துவிடும். அதன்மேல் வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தில் கோலம். வளைந்த பரப்பில் புள்ளிகளைச் சம இடைவெளியில் வைப்பதுதான் புதியவர்களுக்குத் திணறலாக இருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு காகித நாடாவைக் கூடையின் வாய் ஓரத்தில் சுற்றி அளவாக வெட்டிக்கொள்ளுங்கள். அதை நான்கு முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் 16 சமப் பங்கு. நாடாவைத் திரும்பச் சுற்றி, மடிப்பு வரும் இடமெல்லாம் பென்சிலால் குறியுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை வண்ணத்தில் தொட்டுக் குறியின் மேல் வைத்தால் புள்ளி. புள்ளிகளுக்கு மேலும் கீழுமாக ஒரு நெளிகோடு போனாலே பார்க்க நிறைவாக இருக்கும். நெளியைச் சரியாக இழுக்க வரவில்லை என்றால் புள்ளிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காய்ந்ததும் ஒரு பங்கு ஃபெவிகாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து உள்ளும் புறமும் பூசுங்கள். வண்ணம் கையில் ஒட்டாது, தூசியைத் துடைக்கலாம்.

தோரணம்

இது ஒரு மாலை நேர வேலை. பீரோவில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை எடுங்கள். கெட்டி அட்டை, தங்க நிற அச்சு, ஓரப் பூவேலை எல்லாம் வீணாகக் கிடக்கின்றன. பிள்ளையார் படமோ சாமி பெயரோ உள்ள பகுதியை வெட்ட மனம் வராது. அதைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துங்கள்.

நான்கரை சென்டிமீட்டர் அகலம், ஒரு சாண் நீளத்தில் மாவிலை வடிவம் ஒன்றை வரைந்து வெட்டி, அதை வைத்தே மற்றவற்றையும் வரைந்து 13 இலை வெட்டுங்கள். நடுவே நீளவாக்கில் மடித்துப் பிரித்தால் நரம்பு தெரியும், இலையும் உயிரோடு நிற்கும். மேல்பக்கம் இரண்டு துளை. கெட்டி நூலில் ஒரு உருண்டை, ஒரு இலை என்று மாற்றி மாற்றிக் கோத்தால், 14 உருண்டையும் 13 இலையும் சேர்ந்து ஏறக்குறைய 86 சென்டிமீட்டர் வரும். மூன்றடி வாசலுக்குச் சரியான அளவு. உருண்டைகளுக்கும் காவியும் வெள்ளைப் புள்ளியும் வைத்துவிட்டால் கூடையும் தோரணமும் ஜோடியாக இருக்கும்.

பயன்படுத்தும்போது

சாவி, ரிமோட், சீப்பு, கரன்ட் பில், தையல் சாமான், பிள்ளைகளின் வண்ணப் பென்சில் எல்லாவற்றுக்கும் இந்தக் கூடை தாங்கும். உணவுப் பொருளை நேரடியாகப் போட வேண்டாம். அச்சு மை உணவில் சேரக்கூடாது என்பதால்தான், செய்தித்தாளில் உணவைப் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-லேயே அறிவுறுத்தியது. நவராத்திரிக்கு வெளியே எடுக்கும்போதும் வாழை இலை விரித்து, பொட்டலமாகக் கட்டியதை மட்டும் அடுக்குங்கள்.

தண்ணீர் தெறித்தால் உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். குளியலறைப் பக்கம் வைக்காதீர்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் வெயிலில் காட்டி, ஃபெவிகால் தண்ணீரை இன்னொரு முறை பூசுங்கள். ஓரம் பிய்ந்தால் ஒரே ஒரு தாளையும் ஒரு தேக்கரண்டி வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்து அந்த இடத்தில் மட்டும் அப்பினால் போதும். பழைய கூழ் ஈரத்தில் இளகி, புதியதோடு சேர்ந்துகொள்ளும்.