காய்ச்சல் குழந்தையின் இரத்தப் பரிசோதனை: எண்ணைப் படிப்பதில் நேரும் தவறுகள்

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாளே இரத்தம் எடுத்துப் பார்த்துவிடும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. ‘காய்ச்சல் பேக்கேஜ்’ என்ற பெயரில் இரத்த அணுக்களின் எண்ணிக்கை, சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற புரதத்தின் அளவு), டெங்கு, டைபாய்டு, மலேரியா ஆகிய எல்லாவற்றையும் ஒரே சீட்டில் சேர்த்துச் செய்துதரும் ஆய்வகங்களும் உள்ளன. அறிக்கை கைப்பேசிக்கு வந்ததும் பெற்றோரின் கண் தடித்த எழுத்தில் உள்ள எண்ணைத்தான் தேடுகிறது. ஆனால் காய்ச்சல் தொடங்கி எத்தனை மணி நேரம் கழித்து அந்த இரத்தம் எடுக்கப்பட்டது என்ற விவரம் அறிக்கையின் எந்த மூலையிலும் இருப்பதில்லை. இந்தப் பரிசோதனைகளைப் புரிந்துகொள்வதில் நேரும் தவறுகளில் பல அந்த விடுபடலிலிருந்தே பிறக்கின்றன.

சி.ஆர்.பி. என்பது கிருமியைக் கண்டறியும் பரிசோதனை அன்று. கிருமிக்கு உடல் காட்டும் எதிர்வினையை அளக்கும் பரிசோதனை. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் 1930-இல் இதை முதன்முதலாக இனங்கண்டனர். நோய் எதிர்ப்பு அணுக்கள் அனுப்பும் சமிக்ஞை கல்லீரலை எட்டி, கல்லீரல் இந்தப் புரதத்தைச் சுரந்து, அது இரத்தத்தில் அளவிடத்தக்க அளவுக்கு உயர்வதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். உச்சத்தைத் தொடுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆகும். எனவே மாலை ஆறு மணிக்குக் காய்ச்சல் தொடங்கிய குழந்தையிடம் இரவு பத்து மணிக்கு எடுத்த இரத்தத்தில் சி.ஆர்.பி. 4 என்று வந்தால், அதை வைத்துப் பயமில்லை என்று சொல்ல முடியாது. மூளையுறை அழற்சியும் இரத்தத்தில் பரவும் கடுந்தொற்றும் சில மணி நேரத்திலேயே குழந்தையைக் கவிழ்த்துவிடக்கூடியவை. அந்த வேகத்துக்குக் கல்லீரலால் ஈடுகொடுக்க முடியாது. மிக முன்னதாகச் செய்த பரிசோதனையின் இயல்பான விடையை நம்பி வீட்டில் இருந்துவிடுவதே இந்தத் தவறுகளில் ஆபத்து மிகுந்தது என்பேன்.

புரோகால்சிட்டோனின் என்ற இன்னொரு இரத்தக் குறியீடு இதைவிட விரைவானது. கடுமையான பாக்டீரியா தொற்றுள்ள குழந்தைகளிடம் இது வெகுவாக உயர்வதைப் பாரிஸ் ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்டனர். தொற்று தொடங்கிய சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கி, ஒரு நாளுக்குள் உச்சத்தை அடையும். வைரஸ் தொற்றின்போது சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் இதன் உற்பத்தியை அடக்கிவிடுவதால், வைரஸையும் பாக்டீரியாவையும் பிரித்துக் காட்டுவதில் சி.ஆர்.பி.யைவிட இதற்குக் கொஞ்சம் கூர்மை அதிகம். செலவும் அதிகம். இருந்தாலும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக் குருட்டுத்தன்மை இதற்கும் உண்டு.

அடுத்த தவறு, ஒரே எல்லைக்கோட்டை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவது. ஆய்வக அறிக்கையில் சி.ஆர்.பி.க்கு 5 அல்லது 6 வரை இயல்பு என்று அச்சிட்டிருப்பார்கள். அது நலமாக உள்ளவர்களுக்கான அளவு. காய்ச்சலில் உள்ள குழந்தைக்குச் சாதாரணச் சளியிலேயே 15, 20 என்று வரலாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, கடுமையான தொற்று இருக்க வாய்ப்புக் குறைவு என்று சொல்ல ஒரு கோட்டையும் (சி.ஆர்.பி. லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ், புரோகால்சிட்டோனின் மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்குக் கீழ்), இருக்கலாம் என்று வலுவாகச் சந்தேகிக்க வேறொரு கோட்டையும் (80-க்கு மேல், 2-க்கு மேல்) பரிந்துரைத்தது. இடைப்பட்ட பரப்பில் விழும் குழந்தைகள் பலர். அவர்களிடம் எண் எதையும் தீர்மானிப்பதில்லை. 80-ஐத் தொடாமலேயே கடுமையான தொற்றோடு இருக்கும் குழந்தைகளும் உண்டு. இதற்கிடையில் அலகைக் கவனிக்காமல் தடுமாறுவோரும் உள்ளனர்: சில ஆய்வகங்கள் லிட்டருக்கு என்றும் சில டெசிலிட்டருக்கு என்றும் எழுதுகின்றன. முன்னதில் 40 என்று வருவது பின்னதில் 4.

நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு ‘எதற்கும் ஒரு சி.ஆர்.பி.’ என்று செய்வது ஏன் தீங்காக முடியலாம் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். காய்ச்சலோடு வரும் 1,000 குழந்தைகளில் 10 பேருக்கு மட்டும் கடுமையான தொற்று இருப்பதாகவும், ஒரு பரிசோதனை நோயுள்ளவர்களில் 80 சதவீதத்தினரையும் நோயற்றவர்களில் 80 சதவீதத்தினரையும் சரியாகச் சொல்வதாகவும் வைத்துக்கொள்வோம். நோயுள்ள 10 பேரில் 8 பேர் பிடிபடுவார்கள். நோயற்ற 990 பேரில் 198 பேருக்கும் எண் உயர்ந்தே காட்டும். அதாவது, உயர்ந்த எண்ணோடு நிற்கும் 206 பேரில் உண்மையான நோயாளிகள் 8 பேர்தான். மற்றவர்களுக்கு வேண்டாத ஆன்டிபயாடிக்கும் வேண்டாத ஊசியும் காத்திருக்கின்றன. அதே பரிசோதனையைத் துவண்டு கிடக்கும் குழந்தைகளிடம் செய்தால் கணக்கே மாறிவிடும். எண்ணின் பொருளைக் குழந்தையின் நிலைதான் தீர்மானிக்கிறது.

வெள்ளணுக்களின் எண்ணிக்கையை இன்னும் பலர் மைக்ரோலிட்டருக்கு 15,000 என்ற கோட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். அது, கடுந்தொற்று உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலத்து ஆய்வுகளிலிருந்து வந்த அளவு. தமிழ்நாட்டில் அதேபோன்ற பாக்டீரியாவான ஹிப் கிருமிக்கு எதிரான ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரிலும், நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021-லும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தன. தடுப்பூசி போட்ட குழந்தையிடம் அந்தக் கோட்டுக்கு முன்பிருந்த மதிப்பு இல்லை. ஓயாத அழுகை, வலிப்பு, ஸ்டீராய்டு மருந்து ஆகியவையும் எண்ணிக்கையை ஏற்றும். மிகவும் குறைந்த எண்ணிக்கை நல்ல செய்தி என்று நினைப்பதும் தவறு. கடுந்தொற்றில் வெள்ளணுக்கள் சரிவதும் உண்டு.

நம் ஊர்க் காய்ச்சல்கள் இந்தக் கணக்கை மேலும் குழப்புகின்றன. டெங்குவில் சி.ஆர்.பி. பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஆனால் டெங்குவின் ஆபத்து பாக்டீரியா வழியில் வருவதன்று. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதுதான் உயிருக்கு உலை வைக்கும்; அதைக் காட்டுவது ஏறும் ஹெமட்டோகிரிட்டும் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) சரியும் தட்டணுக்களும். மறுபக்கம், பாக்டீரியாவால் வரும் உண்ணிக்காய்ச்சலில் சி.ஆர்.பி. நன்றாக உயரும், வழக்கமாகத் தரும் அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம் போன்றவை அதற்கு வேலை செய்யாது, டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். அடினோ வைரஸ் சி.ஆர்.பி.யை பாக்டீரியா தொற்றின் அளவுக்கே ஏற்றிவிடும். ஐந்து நாளுக்கு மேல் நீளும் காய்ச்சலோடு கண் சிவப்பும் உதட்டு வெடிப்பும் இருந்தால், உயர்ந்த எண், இரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்கும் கவாசாகி நோயின் எண்ணாகவும் இருக்கலாம். அங்கே ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இல்லை.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களுக்கு வேறு சட்டம். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட், வந்தாலே தாமதமின்றி மருத்துவமனை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி, 8 முதல் 21 நாள் வயதுள்ள சிசு பார்வைக்கு நலமாக இருந்தாலும், சி.ஆர்.பி. போன்ற அழற்சிக் குறியீடுகள் எப்படி இருந்தாலும், இரத்தம், சிறுநீர், முதுகுத்தண்டு நீர் மூன்றையும் சோதித்து ஆன்டிபயாடிக் தொடங்கச் சொல்கிறது. அதற்கு மேற்பட்ட வயதில்தான் குறியீடுகள் முடிவுக்கு வழிகாட்டுகின்றன. பிறந்த முதல் இரண்டு நாட்களில் புரோகால்சிட்டோனின் இயல்பாகவே உயர்ந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இரத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சிறுநீரை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. காரணம் புலப்படாத காய்ச்சலோடு வரும் கைக்குழந்தைகளிடம் மறைந்திருக்கும் பாக்டீரியா தொற்றுகளில் சிறுநீர்த் தொற்றே முதலிடம் பெறுகிறது; சி.ஆர்.பி. குறைவாக இருக்கும்போதும் அது இருக்கலாம். அதைவிடக் கவலை தருவது, மருந்துக்கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் கொடுத்த பிறகு பரிசோதனைக்கு வருவது. குறியீடுகள் பாதி இறங்கியிருக்கும். கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளராது. நோய் மட்டும் உள்ளே இருக்கும்.

சில அறிகுறிகள் தோன்றினால் எந்த அறிக்கைக்காகவும் காத்திருக்கக் கூடாது: பாலோ நீரோ குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், அழுத்தினாலும் மறையாத சிவப்பு ஊதாப் புள்ளிகள், குளிர்ந்து வெளுத்த கைகால்கள், வேகமான மூச்சு. இரண்டு மாதத்துக்குக் கீழ் நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 மூச்சை எட்டினால் அது வேக மூச்சு. குழந்தை அழாமல் இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும்.

சந்தேகம் தீராத நிலையில் மருத்துவர் 12 அல்லது 24 மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்கச் சொன்னால், அதைப் பணம் பறிக்கும் வழி என்று எண்ணிவிட வேண்டாம். ஒற்றை எண்ணைவிட இரண்டு எண்களின் போக்கு அதிகம் சொல்லும். இரண்டாம் முறையும் அதே ஆய்வகத்தில் எடுப்பதும், காய்ச்சல் தொடங்கிய நேரம், இரத்தம் எடுத்த நேரம், கொடுத்த மருந்துகள், அண்மையில் போட்ட தடுப்பூசி ஆகியவற்றை அறிக்கையின் ஓரத்தில் பேனாவால் எழுதி எடுத்துச்செல்வதும் மருத்துவருக்கு உதவும். தடுப்பூசி போட்ட மறுநாள் சி.ஆர்.பி. தானாகவே ஏறியிருக்கக்கூடும் என்பதால், அந்தக் கடைசி விவரத்தையும் விட்டுவிடாமல் எழுத வேண்டும்.